வேண்டாத வசதிகள்

மின்விசிறியைச் சுழலச் செய்வதற்கு மனிதனுக்கு வேண்டுவன இரண்டே: ஒரு விசை, வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய ஊர்களின் வைகாசிப் புழுக்கத்தை அனுபவித்தோர் யாவரும் இதனை அறிவர். சுவரிலே பதிந்த அத்திருகை இருட்டிலும் கை தானே கண்டுகொள்ளும். இந்நாளில் விற்பனைக்கு வரும் விசிறிகள் பலவற்றிலோ அத்திருகு ஒழிந்து, அதன் ஸ்தானத்தில் ரிமோட் என்னும் சிறு கருவி வந்துளது. அது கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டாலும், அதன் பாட்டரி தீர்ந்துவிட்டாலும், வேகத்தைக் குறைக்க வழி தேடி வீட்டார் நள்ளிரவில் விழித்திருத்தல் வேண்டும். சில விசிறிகள் கைப்பேசியின் கட்டளைக்கும் இணங்கும். வேறு சில வாய்ச்சொல்லுக்கும் செவி சாய்க்கும். காற்று என்னவோ பழைய காற்றுத்தான்!

நாம் யந்திரத்தைப் பகைப்பவர் அல்லோம். பழைய விசிறி சுமார் 75 வாட் மின்சாரம் கொள்ளுமிடத்து, பி.எல்.டி.சி. மோட்டார் பொருந்திய புதிய விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். இது மெய்யான முன்னேற்றமென்பதில் ஐயமில்லை. 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார ரயிலும் அத்தகையதே. நமது கல்லூரி 1937-இல் இங்கே குடிபுகுந்த நாள்தொட்டு அதில் வந்துபோன மாணவர் தொகை கணக்கிலடங்காது. நமது குறை மோட்டாரின் மேலன்று. மோட்டாரோடு கட்டாயமாகப் பிணைத்து விற்கப்படும் அலங்காரங்களின் மேலதே.

இஃது அற்ப விஷயமன்றோ என்பார்க்கு நமது ஊரின் வெள்ளத்தையே சான்றாகக் காட்டுவோம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், 24 மணி நேரத்துக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்புறநகர்கள் பலவற்றில் மீண்டும் வெள்ளம். இத்தகைய நாட்களில்தான் ஒரு பொருளின் தராதரம் விளங்கும். எளிய மோட்டாரில் நீர் புகுந்தால், அதனைக் கழற்றி உலர்த்தி, வேண்டுமாயின் கம்பிச்சுருளை மாற்றிச் சுற்றி, தெருக்கோடி மெக்கானிக் ஓட வைத்துவிடுவார். துவைத்து முடித்ததும் பாட்டிசைக்கும் சலவை யந்திரத்தின் மின்னணுப் பலகையில் சேறு புகுந்தாலோ, பெரும்பாலும் பலகை முழுவதையும் மாற்றவேண்டும். அப்பலகை தெருக்கோடிக் கடையில் கிடைப்பதன்று. உற்பத்தி செய்தவர் சொன்னதே விலை. பாட்டுக்காகச் சேர்த்த பலகை பழுதுபட்டுத் துணி துவைப்பதும் நின்றுபோவது எவ்வகை நியாயமோ, அறியோம்.

கைப்பேசியின் கதை இன்னும் விநோதமானது. நாம் கேளாத நூறு வித்தைகளை அதில் ஏற்றியவர்கள், பல மாதிரிகளில் எஃப்.எம். வானொலியை மட்டும் அகற்றிவிட்டனர். புயற்காலத்தில் செல்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தபின்னும் செய்தி தரவல்லது அதுவே. இக்குறையைக் கண்டு மத்திய அரசாங்கம் 2023 ஏப்ரலில், கைப்பேசிகளில் வானொலி வசதியை முடக்கலாகாதென்று உற்பத்தியாளருக்கு அறிவுறுத்த நேர்ந்தது.

இவ்வாறு நிகழ்வதேன்? கடையில் நிற்கும்போது ஒரு பொருளின் ஆயுளை அளக்க நம்மால் இயலாது. அதன் வசதிகளை எண்ண இயலும். பத்து வசதியுள்ளது எட்டு வசதியுள்ளதைவிட மேலெனக் கொண்டு வாங்குகிறோம். வியாபாரியும் இதனை நன்குணர்ந்தே பதினொன்றாவதைச் சேர்க்கிறார். இடர்ப்படுவோர் பெரும்பாலும் முதியோரே. தொலைக்காட்சிக்கு ஒரு ரிமோட், அதனருகிலுள்ள பெட்டிக்கு மற்றொன்று என்றான பின், செய்தி கேட்கப் பேரப்பிள்ளையின் வரவை எதிர்நோக்கியிருக்கும் பாட்டிமார் எத்தனை பேர்! விடுமுறைக்கு வீடு செல்லும் நம் மாணவருட் பலர் இவ்வுத்தியோகத்தை ஊதியமின்றிப் பார்த்துவருகின்றனர்.

பழுது பார்க்கும் உரிமைக்கென மத்திய அரசாங்கம் 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியது நல்லதே. ஆயினும் வாங்குமிடத்திலேயே கேட்கவேண்டிய கேள்விகள் உள. சுவர்த் திருகுக்கு அடங்கும் பி.எல்.டி.சி. விசிறிகளும் கடைகளில் உண்டு. கேட்பவர்க்கே அவற்றை எடுத்துக் காட்டுவர். நமது விடுதி அறைகளுக்கு அடுத்த முறை விசிறி வாங்குங்கால், நிர்வாகத்தார் அத்தகையவற்றையே கேட்டு வாங்குமாறு வேண்டுகிறோம். அறைக்கொரு ரிமோட்டைப் பொறுப்பாய் வைத்துக் காப்பது மாணவரால் ஆகாத காரியமென்பதை விடுதிக் காப்பாளரும் ஒப்புவர்.