கவசமும் காலணியும்

சென்ற கலாசாலைத் தின விழாவில் 'மனோன்மணீயம்' நாடகத்தின் ஒரு பகுதியை நம் மாணாக்கர் நடித்துக் காட்டியதை அன்பர் பலரும் கண்டு களித்திருப்பர். சேரவேந்தன் புருடோத்தமன் அணிந்து வந்த மார்புக் கவசமும் தோட்காப்பும் விளக்கொளியில் வெண்கலமெனவே மின்னின. விருந்தினராய் எழுந்தருளியிருந்த பெரியவர் ஒருவர், "இவற்றை எந்நகரத்துக் கடையில் வாடகைக்கு எடுத்தீர்கள்?" என்று எம்மை வினவினார். அவை வாடகைப் பொருள்களுமல்ல, வெண்கலமுமல்ல. செருப்புக்கு அடியிடும் நுரைத்தாளைக் கொண்டு நம் மாணாக்கர் ஒருவரும், செருப்புத் தைக்கும் அவர் தந்தையாரும் கூடிச் செய்தவை என்று யாம் விடை கூறினோம். அப்பெரியவர் முகத்தில் முதலில் வியப்பும், அதன்பின் ஒரு தயக்கமும் தோன்றின. அந்தத் தயக்கத்தைக் குறித்தே இதனை எழுதத் துணிந்தோம்.

எத்திலீன் வினைல் அசிட்டேட் என்னும் செயற்கைப் பொருளை நுரைக்கச் செய்து தாளாக்கியதே இந்நுரைத்தாள். கடைகளில் இதனை இ.வி.ஏ. ஷீட் என்பர். பாதரட்சையின் அடிப்பாகம், குழந்தைகள் விளையாடும் விரிப்பு, உடற்பயிற்சிப் பாய் ஆகியவற்றில் இதனை நாள்தோறும் காண்கிறோம். உலகெங்கும் கதாபாத்திரங்களின் வேடத்தைத் தம் கையாலேயே செய்து அணியும் இளைஞர் இன்று பெரிதும் நாடுவது இதனையே. 1939-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் கூடிய முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டிற்கு மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி, தமக்கும் தம் நண்பர் பாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் எதிர்கால மாந்தரின் உடைகளைத் தாமே தைத்து எடுத்துச் சென்றார். இக்கலைக்குக் 'காஸ்பிளே' என்னும் பெயரை 1983-இல் ஜப்பானியரான நொபுயுகி தகஹாஷி வழங்கினார். 2024-இல் சென்னையில் நிகழ்ந்த காமிக் கான் விழாவிலும் இத்தகைய வேடங்கள் காண்போரைக் கவர்ந்தன.

ஆயினும் இது நமக்குப் புதிதென்று எண்ணற்க. காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கட்டைக்கூத்தர், இலேசான மரத்தைக் கிரீடமாகவும் புயக்கட்டைகளாகவும் செதுக்கி, வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டும் பதித்து, அவ்வணிகளின் பெயரையே தம் கூத்துக்கும் தந்துள்ளனர். குலசேகரன்பட்டினத்துத் தசராவில் ஆயிரக்கணக்கானோர் நேர்ந்துகொண்டு காளியாகவும் அரசராகவும் குறவராகவும் வேடம் புனைந்து ஊரூராய்ச் செல்வதையும் யாவரும் அறிவர். இலேசான பொருளைக் கனமான பொருள்போலத் தோன்றச் செய்வதே இக்கலையின் உயிர். அன்று மரம், இன்று நுரைத்தாள்.

நிற்க. கவசம் செய்த மாணாக்கர் விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழிக்கு அப்பாலுள்ள வீரசோழனைச் சேர்ந்தவர். வானம் பார்த்த பூமி; கண்மாய் பெருகினால் நெல், பெருகாவிடில் சீமைக் கருவேலும் கரிமூட்டமுமே கதி. சோழமன்னர் பெயரைச் சுமந்து நிற்கும் அவ்வூரிலிருந்து அரசகவசம் ஒன்று வந்தது பொருத்தமென்று நண்பர்கள் நகைப்பதுண்டு. அவர் தந்தையார் சந்தைக்கருகில் ஒரு வேப்பமர நிழலில் அமர்ந்து செருப்புத் தைப்பவர். இச்செய்தியை அம்மாணாக்கர் ஈராண்டுகளாக விடுதித் தோழர் எவருக்கும் கூறியதில்லை. சேர்க்கைப் பத்திரத்தில் தந்தையின் தொழில் என்னுமிடத்தில் 'வியாபாரம்' என்றே எழுதியிருந்தார். அவர் இசைவு பெற்றே, பெயரைக் குறியாது, இதனை ஈண்டு வெளியிடுகிறோம்.

முதலில் அவர் தனியாகவே வேலையைத் தொடங்கினார். பழைய சட்டையொன்றை அணிந்து, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஒட்டுநாடாவால் இறுக்கி, கோடுகள் வரைந்து, கோட்டின் வழியே கத்தரித்துப் பிரித்து, செய்தித்தாளில் அளவெடுத்தார். மார்புக்குப் 10 மி.மீ. கனமுள்ள தாளும், தோளுக்கு 5 மி.மீ. தாளும், பூவேலைக்கு 2 மி.மீ. தாளும் கொண்டார். வெப்பக் காற்று வீசும் கருவியை இரவல் பெற்றுத் தாளைச் சூடாக்கி வளைத்தார். ஆறியபின் வளைவு நிலைத்தது. ஒட்டியும் முடித்தார். ஆனால் பங்குனி வெயிலில், திறந்த மைதானத்தில் நடந்த முதல் ஒத்திகையிலேயே தோளும் மார்பும் கூடுமிடம் வாய்பிளந்தது. சேரவேந்தன் வசனத்தின் நடுவே தன் தோளைக் கையாற் பிடித்துக்கொண்டு நின்றான், பார்த்தவர்கள் நகைத்தனர்.

அன்றிரவே அவர் கவசத்தைப் பழைய போர்வையிற் சுற்றிக்கொண்டு, அருப்புக்கோட்டை வழியாய் ஊர் சென்றார். தந்தையார் பிளவை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்து, "உரசாமல் ஒட்டியிருக்கிறாய், ஐயா, வெயில் பிரிக்காமல் என்ன செய்யும்?" என்றாராம். இரு விளிம்புகளையும் அரத்தால் உரசிச் சொரசொரப்பாக்கினார். பசையை இரு பக்கமும் மெலிதாய்த் தடவி உலரவிட்டார். மறுமுறை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தார். ஒருமுறை கூடினால் பின்னர் நகர்த்தவியலாதாகையால், ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாய் அழுத்திச் சேர்த்து, கல்லின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினார். பசையின் ஆவி தலையைச் சுற்றச் செய்யும் என்று கூறி, மகனைக் காற்றோட்டமுள்ள மரத்தடியிலேயே அமர்த்திக்கொண்டார். கத்தியைச் சாய்த்து அறுத்தால் விளிம்புகள் கூடும்போதே வளைவு பிறக்கும் என்பதையும், மழுங்கிய கத்தி தாளை அறுக்காது கிழிக்கும் என்பதையும் கற்பித்தார். அதன்பின் மகன் வெண்பசையை மும்முறை பூசி, கரிய வண்ணம் தீற்றி, அதன்மேல் வெண்கல வண்ணத்தைத் துணியால் தேய்த்தார். விழா நாளில் அக்கவசம் சிறிதும் விரியவில்லை.

இங்கேதான் எம் கருத்து எழுகின்றது. கத்தி அதுவே, தாள் அதுவே, பசையும் அதுவே. ஆயினும் மார்பில் ஏறினால் அதனைக் கலை என்று போற்றுகிறோம். காலில் இருந்தால் அதனைச் செய்தவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துகிறோம். இது எந்த நியாயம்? ஈராண்டுகள் ஒரு மகன் தன் தந்தையின் தொழிலை மறைக்கும்படி செய்தது அவன் கோழைமையன்று; நம் கண்களிலுள்ள ஏளனமே. அறிவுக்கு இருப்பிடம் நூல்நிலையமும் சோதனைச்சாலையுமே என்று நாம் கொண்ட கொள்கை, வேப்பமரத்தடியில் இருந்த பசையறிவையும் அளவறிவையும் காணவொட்டாது மறைத்தது.

மருத்துவ உலகம் இப்பாடத்தை முன்னமே கற்றது. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் உணர்விழந்த பாதங்கள் புண்பட்டு அழிவதைக் கண்டார். கையறுவைச் சிகிச்சையில் புகழ்பெற்ற அவரே, கத்தியினால் மட்டும் பாதத்தைக் காக்கவியலாதென உணர்ந்தார். நுரைத்தாளுக்கு நெருங்கிய உறவான நுண்துளை ரப்பரால் அடியிட்ட காலணிகள், மருத்துவரும் காலணி செய்வோரும் கூடி உழைத்ததன் பயனாய் ஆங்கே உருவாயின. எண்ணற்றோரின் கால்களைக் காத்தது அக்கூட்டுறவே.

'படிக்க வந்த பிள்ளைகளுக்கு வேடம் செய்யும் வேலை எதற்கு? வாடகைக்கு எடுத்தால் நேரம் மிச்சமாகுமே' என்று சிலர் கூறக்கூடும். நேரம் மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் வாடகைக் கவசம் மறுநாளே கடைக்குத் திரும்பிவிடும். கற்றது எதுவும் நம்மிடம் எஞ்சாது. தன் உடலைத் தானே அளந்து, தட்டையான தாளை முழுவடிவாக்குபவன், பாடப் புத்தகத்துக் கணிதத்தைக் கையினாற் கற்கிறான். கெட்டதைப் பிரித்து மீளச் செய்பவன் பொறுமையைக் கற்கிறான். பிறர் தொழிலின் நுட்பத்தை அறிந்தவன் அவரை இகழான்.

ஆதலின் கலாசாலை அதிபர்களுக்கும் பழைய மாணாக்கர்களுக்கும் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். வேட வாடகைக்கெனச் செலவிடும் பொருளைக் கொண்டு, காற்றோட்டமுள்ள ஓர் அறையும் கருவிகளும் மாணாக்கர்க்கு அமைத்துத் தருக. செய்த வேடங்களை ஆண்டுதோறும் செப்பனிட்டு வழங்குக. நுரைத்தாள் மண்ணில் எளிதில் மக்குவதன்று, ஆகவே ஒருநாட் கூத்துக்காக அதனைக் குப்பையில் எறிதல் தகாது. மூன்றாவதாகவும் முதன்மையாகவும், அவ்வறைக்குச் செருப்புத் தைப்பவர், தச்சர், தையற்காரர் ஆகியோரை ஆசிரியராக அழைத்து, உரிய ஊதியமும் மற்றை ஆசிரியர்க்கு ஒத்த ஆசனமும் அளிக்க. இந்த ஆசனம் இன்றேல் முந்தைய இரண்டும் வெறும் சிக்கனமேயன்றிச் சீர்திருத்தமாகா.

விழா நாளில் அத்தந்தையார் வந்திருந்தார். பின்வரிசைக்கும் பின்னால், தூணருகில் நின்றபடியே நாடகத்தைப் பார்த்தார் என்று பின்னரே அறிந்தோம், அதற்காக நாணுகிறோம். மறுவாரம் அம்மாணாக்கர் அலுவலகத்துக்குச் சென்று, தம் பத்திரத்தில் 'வியாபாரம்' என்றிருந்ததை அடித்து, 'செருப்புத் தைத்தல்' என்று திருத்தித் தரும்படி கேட்டனர். எழுத்தர் திருத்திக் கொடுத்தார். அவர் செய்யவேண்டிய திருத்தத்தை அவர் செய்துவிட்டார். நாம் செய்யவேண்டியது இன்னும் எஞ்சி நிற்கிறது.