அவரையே கேட்போம்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை, எமது தந்தையாரை வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றிருந்தோம். அன்னையார் மறைந்தபின் அவருக்கு ஊணும் உறக்கமும் குறைந்தன, பேச்சும் அருகிவிட்டது. "ஐயா, இரவிலே நித்திரை வருகுதா?" என்று வைத்தியர் அவரை நோக்கியே கேட்டார். "விடியப்புறம் மூன்று மணிக்கே எழும்பிவிடுகிறார்" என்று விடை பகர்ந்தவர் நாம். பசி எப்படி, மனம் எப்படி என்ற வினாக்கள் யாவும் தந்தையாரிடம் கேட்கப்பட்டன. விடைகள் யாவும் எம்மிடமிருந்தே பிறந்தன. களுபோவில வீட்டுக்குத் திரும்பும் வழியில், முச்சக்கர வண்டியிலிருந்தவாறே, "நீ நல்லாய்ச் சொன்னாய், தம்பி" என்றார் அவர். அதைப் பாராட்டு என்றே நாம் கொண்டோம்.

அது பாராட்டு அன்று என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு தொலைக்காட்சி நாடகம்.

'இன் ட்ரீட்மென்ட்' என்பது அதன் பெயர். 2005ஆம் ஆண்டில் இஸ்ரேலில் ஹகாய் லெவி என்பார் உருவாக்கிய நாடகமொன்றைத் தழுவி, 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. துரத்தலும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. ஓர் அறை, அதில் போல் என்னும் உளச் சிகிச்சையாளர், அவர் எதிரே நோயாளி ஒருவர், ஏறத்தாழ அரைமணி நேரப் பேச்சு. அவ்வளவே நாடகம். அயர்லாந்து நடிகர் கேப்ரியல் பேர்ன் சிகிச்சையாளராக நடித்தார். ஊரார் துயரையெல்லாம் கேட்கும் அவரும் தமது துயரைச் சொல்ல வேறொருவரை நாடிச் செல்கிறார் என்பது இந்நாடகத்தின் நயங்களுள் ஒன்று.

2010ஆம் ஆண்டில் ஒளிபரப்பான மூன்றாம் பருவத்திலே சுனில் என்றொரு பாத்திரம் வருகிறது. கல்கத்தாவிலே கணித ஆசிரியராயிருந்தவர், மனைவியை இழந்தவர், நியூயோர்க்கில் வாழும் மகனோடும் மேலைநாட்டு மருமகளோடும் தங்க வந்தவர். 2020ஆம் ஆண்டில் காலமான இர்ஃபான் கான் இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். எழுத்தாளர் ஜும்பா லாகிரி இப்பாத்திரத்தின் ஆக்கத்துக்கு ஆலோசனை வழங்கினார்.

தந்தையின் நிலை கண்டு கவலையுற்ற மகனும் மருமகளும் அவரைச் சிகிச்சைக்கு அழைத்து வருகின்றனர். முதற் சந்திப்பில் அவர் குறையை எடுத்துரைப்பவர்களும் அவர்களே. அவர்கள் அறையை விட்டு அகன்ற பின்னரே பெரியவர் மனம் விட்டுப் பேசத் தொடங்குகிறார். அக்காட்சியைக் கண்டபோது முச்சக்கர வண்டியிலே கேட்ட அந்த வார்த்தை எமது செவியில் மீண்டும் ஒலித்தது.

கதையின் முடிவோ இன்னும் கூரியது. சுனிலின் பேச்சிலிருந்து மருமகளுக்குத் தீங்கு நேரக்கூடும் என்று அஞ்சிய போல், அவளை எச்சரிக்கிறார். சுனில் கைதாகிறார், நாடு கடத்தப்படும் நிலைக்கு ஆளாகிறார். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது: ஊர் திரும்புவதற்கு வேறு வழி காணாமல், அபாயமானவர் போல் தம்மைத் தாமே காட்டிக்கொண்டாராம்! "எனக்கு இங்கே பிடிக்கவில்லை, வீட்டுக்குப் போகவேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தை அன்புள்ள மகனிடம் சொல்ல இயலாத தந்தை, சிறைக்குச் செல்லத் துணிந்தார். வாரந்தோறும் செவிமடுத்த சிகிச்சையாளருக்கும் அந்த ஒரு வாக்கியம் கேட்கவில்லை.

வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் களுபோவிலவிலும் எத்தனை வீடுகளில் இக்கதை நடக்கிறது! பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். தாயோ தந்தையோ தனித்துவிட்டால் பத்திரங்கள் நிரப்பப்படுகின்றன. வீடு வாடகைக்கு விடப்படுகிறது. எல்லாம் அன்பினால் நடப்பவையே. கடல் கடந்து சென்று பேரப்பிள்ளைகளோடு மகிழ்ந்திருக்கும் முதியோர் பலரை நாம் அறிவோம். ஆகவே போவதைக் குறை கூறுகிறோமில்லை. கேளாமல் கொண்டுபோவதையே குறை கூறுகிறோம்.

எமது தமையனாரும் தந்தையாரைக் கனடாவுக்கு அழைக்க விரும்பியிருந்தார். விண்ணப்பத்தை நிரப்பியவரும் நாமே. வகுப்பிலே ஒரு மாணவன் விடை கூறத் தயங்கினால் அரை நிமிடம் பொறுத்திருக்க அறிந்த கல்லூரி ஆசிரியராகிய நாம், பெற்ற தந்தைக்கு அந்த அரை நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

நாடகம் பார்த்த மறுநாள் மாலை, விஷ்ணு கோயிலுக்குப் போய் மீண்டவர் அருகே அமர்ந்து, "ஏன் ஐயா மூன்று மணிக்கே எழும்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். நெடுநேரம் கழித்தே மறுமொழி வந்தது. "அது கொம்மாவுக்கு மருந்து குடுக்கிற நேரம்."

ஓராண்டுக்கும் மேலாக அம்மருந்தை அவரே கொடுத்து வந்தார். நாம் நோயென்று வைத்தியரிடம் கூறியது அவருடைய கடமையின் மிச்சத்தை. கனடா பற்றியும் கேட்டோம். "திரும்பி வாறதுக்கும் ரிக்கற் எடுப்பானோ?" என்றார். தமையனாருக்கு அன்றிரவே தொலைபேசியில் அதைச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, எடுப்பதாகச் சொன்னார்.

துயரம் முற்றியவர்க்கு வைத்தியம் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. தேசிய மனநல நிறுவகம் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை வைத்திருக்கிறது. 1974 முதல் இயங்கிவரும் சுமித்ரயோ, உபதேசம் செய்யாது செவிமடுப்பதையே தொண்டாகக் கொண்டது. முன்பின் அறியாத ஒருவர் செய்யும் அத்தொண்டை, பிள்ளைகளாகிய நாம் வீட்டிலே செய்தலாகாதோ? அடுத்த முறை வைத்தியரிடம் செல்லும்போது, பெரியவரை அவர் எதிரே இருத்திவிட்டு நாம் சற்று வெளியே நிற்போமாக.