பற்றரி இல்லை எண்டு ஏன் பொய் சொல்லுறம்?

பலாலியில் சென்னை விமானத்துக்குப் பெட்டி குடுக்கேக்க "பவர் பாங்க் ஏதும் இருக்கா?" என்று கேட்டால், எங்கட வாயில் யோசிக்க முதலே வருகிற பதில் "இல்லை". ஆனால் இருக்கும். பருத்தித்துறை வடைப் பைக்கும் சீலைக்கும் நடுவில், சுத்திக் கட்டி இருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று எங்களுக்குத் தெரியும். 90களின் பொருளாதாரத் தடையில் ரோச்சுக்குப் போடுகிற பற்றரியே தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட ஊர் இது. சோதனையில் பிடிபடாமல் ஒரு சோடி பற்றரி கொண்டு வந்தவர் அன்றைக்குக் கெட்டிக்காரர். விமானம் எரிந்தது என்றாலும் எங்களுக்கு ஞாபகம் வருவது ஆக்கள் செய்த வேலைதான்: 1978 செப்டெம்பரில் இரத்மலானையில் குண்டு வெடித்து எரிந்த எயார் சிலோன் அவ்ரோ, 1986 மே 3இல் கட்டுநாயக்கவில் 21 பேரைக் கொன்ற குண்டு, 1998 செப்டெம்பர் 29இல் பலாலியில் இருந்து 55 பேரோடு கிளம்பி மன்னார்க் கடலில் சுட்டு விழுத்தப்பட்ட லயன் எயார். ஆகவே விமான நிலையத்தில் யார் எதைக் கேட்டாலும் "நீ ஆர்?" என்று கேட்பதாகவே எங்கட காதில் விழுகிறது.

ஆனால் பவர் பாங்குக்கு இயக்கமும் தெரியாது, ஆமியும் தெரியாது. லிதியம் பற்றரிக்குள் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். பெட்டி நசிந்தோ, மலிவான தயாரிப்பாலோ அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷோர்ட். வெப்பம் அடுத்த தாக்கத்தைக் கிளப்பும், அது இன்னும் வெப்பத்தைக் கூட்டும். பத்தக்கூடிய வாயு வெளியில் வரும். நேர்முனைப் பொருளே ஒக்சிசனையும் விடும். பெரிய விமானங்களின் சாமான் அறையில் ஹேலோன் வாயு அடிப்பார்கள். அது சுவாலையை அமத்தும், பற்றரிக்குள் ஏறுகிற சூட்டை நிப்பாட்டாது. தேவை தண்ணி. தண்ணி ஊத்த ஒரு மனிசன் பக்கத்தில் இருக்க வேணும். கையில் கொண்டுபோ என்பதற்கு இவ்வளவுதான் காரணம்.

2025 ஜனவரி 28, தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையம். எயார் பூசான் விமானம் கிளம்ப முதல், தலைக்கு மேலுள்ள சாமான் தட்டில் புகை. 176 பேரும் இறங்கித் தப்பினார்கள், விமானத்தின் கூரை எரிந்து போனது. பவர் பாங்க் ஒன்றே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அது நடந்தது தரையில். பாக்கு நீரிணைக்கு மேல் எங்கே இறங்கி ஓடுவது?

இதில் ஒருவரும் எதையும் பறிக்கவும் இல்லை. 100 வற் மணிக்குள் என்றால் கையோடு கொண்டு போகலாம். சாதாரண 20,000 மில்லி அம்பியர் பவர் பாங்க் 74தான் வரும். வீங்கினதை மட்டும் வீட்டில விட்டிட்டுப் போங்கோ.

கேக்கிற ஆக்களையும் நாங்கள் விடப்போறதில்லை. சென்றியில் கேட்ட அதே குரலில் கேட்டால், சென்றியில் சொன்ன அதே பதில்தான் வரும். எங்களில் ஒருவருக்கு ஒரு விமான நிலையத்தில், ஏன் என்று ஒரு சொல் சொல்லாமல் முழுப் பெட்டியையும் கிண்டிக் கொட்டினார்கள். அடுத்தமுறை அவர் இன்னும் கவனமாக ஒளித்தார். "அம்மா, அதைக் கையில வச்சிருங்கோ, பெட்டிக்குள்ள பத்தினா ஒருத்தருக்கும் தெரியாது" என்று தமிழில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்?