ஜவ்வாது மலையும் குடும்ப ஓய்வூதியமும்

ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டிலிருந்து ஒரு பெண், இறந்துபோன கணவரின் பி.எஃப். பென்ஷனுக்காக வருகிறார். அவர் இரண்டாவது மனைவி. முதல் மனைவியை ஊர் கூடி எப்போதோ பிரித்துவிட்டது. "கோர்ட் தீர்ப்பு இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லை என்றதும் திருப்பி அனுப்புகிறோம். இது சட்டப்படி தவறு. நம் துறையில் இன்னும் நடக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 2(2) பிரிவின்படி, மத்திய அரசு தனியே அறிவித்தாலொழிய பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. ஜவ்வாது மலை அடங்கிய பழைய வடாற்காடு மாவட்டத்து மலையாளிப் பழங்குடியினர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருமணமும் பிரிவும் வழக்காறுதான். மற்ற இந்துக்களுக்கும்கூட வழக்காற்று மணமுறிவை 29(2) பிரிவு காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஆனால் வழக்காறு என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். சூரஜ்மணி ஸ்டெல்லா குஜூர் வழக்கில் (2001) உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. சுப்பிரமணி எதிர் சந்திரலேகா வழக்கிலும் (2005) வழக்காற்று விவாகரத்தைத் தெளிவாக வாதுரையில் எடுத்துவைத்து மெய்ப்பிக்க வேண்டும் என்றது. முத்திரைத்தாளில் எழுதி நாலு பேர் கைநாட்டு வைத்த விடுதலைப் பத்திரம் மட்டும் நிற்காது. அதே ஊரில் அதே முறைப்படி பிரிந்து மறுமணம் செய்துகொண்ட வேறு குடும்பங்களைச் சாட்சிக்கு அழையுங்கள். பிரித்துவைத்த ஊர்ப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே சிவில் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்குப் போட்டு அவர் சாட்சியத்தைப் பதிவுசெய்யுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் இந்தச் சிக்கலை அவிழ்க்காது.

பிரிவே நடக்காமல் இருவரும் மனைவியராக இருந்தால் கணக்கு வேறு. பி.எஃப். பென்ஷனைத் தரும் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மணநாளின்படி மூத்தவருக்கே பென்ஷன். அவர் காலமான பிறகுதான் அடுத்தவருக்கு. மாநில அரசு ஊழியர் என்றால், 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் சட்டப்படியான மனைவியர் இருவருக்கும் சம பங்கு. உயில் எழுதி இதை மாற்ற முடியாது. குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தல்ல என்று வயலட் ஐசக் வழக்கில் (1991) முடிவாகிவிட்டது. ஆக, யார் மூத்தவர் என்று காட்ட மணநாளுக்கு ஆதாரம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் மலைக்கும் பொருந்தும். அங்கே போகும்போதெல்லாம் இதைச் சொல்லுங்கள்.

நம்மை உறுத்துவது முதல் மனைவியின் நிலை. இரண்டாமவருக்காக வழக்காற்றை நிரூபித்த அன்றே முதலாமவர் பென்ஷனுக்கு அந்நியராகிவிடுகிறார். அவர் இருபது வருடம் அந்த மனிதருக்குச் சமைத்துப் போட்டிருந்தாலும் விதியில் அவருக்கு இடமில்லை. அமெரிக்காவில் பத்தாண்டு மணவாழ்க்கை இருந்து, மறுமணம் செய்துகொள்ளாமல் 62 வயதானால், விவாகரத்தான மனைவி கணவரின் சமூகப் பாதுகாப்புப் பதிவை வைத்து அவர் தொகையில் பாதி வரை கோரலாம். கணவருக்கு வருவது இதனால் குறையாது. பிரிட்டனில் 2000 முதல் விவாகரத்தின்போதே ஓய்வூதியத்தைப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் வழக்கறிஞர் சங்கங்களும் கேட்க வேண்டும்.

அதுவரை முதல் மனைவியின் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். தாய் பிரிந்தாலும் அவர்கள் உறுப்பினரின் பிள்ளைகள்தான். 1995ஆம் ஆண்டுத் திட்டத்தில் 25 வயது வரை, ஒரே நேரத்தில் இருவருக்கு, விதவை ஓய்வூதியத்தில் ஆளுக்கு 25 சதவீதம் கிடைக்கும். இரண்டாவது மனைவிக்காக 10டி என்ற பென்ஷன் விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது அவர்கள் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.