ஏழரை மணி அடுப்பு

புரட்டாசி பிறந்ததும் கோவையில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து வீடு வர ஏழரை. தையில் நான் கொடுத்தனுப்பிய மாப்பிள்ளைச் சம்பா அரிசி வண்டு பிடித்து அப்படியே கிடந்தது. "ஊறவே ராத்திரி முழுக்க ஆகுதேப்பா, எங்களுக்கு ஏது நேரம்?" என்றாள். சுருக்கென்றது. ஆனால் நியாயம்தான்.

வங்கியில் 30 வருஷம் கடன் கொடுத்தவன் நான். கட்ட முடியுமா என்று பார்க்காமல் கொடுத்த கடன் திரும்பாது. சமைக்க முடியுமா என்று பார்க்காமல் கொடுத்த அரிசியும் அப்படித்தான்.

அந்த வாரம் ராத்திரிச் சமையல் என்னுடையது. திங்கள் சாமைப் பொங்கல், செவ்வாய் சிவப்பு அவல் உப்புமா, புதன் முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, வியாழன் வரகு ரவை கிச்சடி. வெள்ளி மறுபடியும் பொங்கல், பேத்தி கேட்டாள். எதுவும் அரை மணி நேரம் தாண்டவில்லை. மாப்பிள்ளைச் சம்பாவைச் சனி இரவு ஊறவைத்து ஞாயிறு மதியம் சாப்பிட்டோம்.

விற்கவில்லை என்று புலம்புகிற நண்பர்களே, அறுவடையில் ஒரு பங்கையாவது அவலாக, ரவையாக ஆக்கிக் கொடுங்கள். அரிசிப் பையோடு ஒரு துண்டுச்சீட்டும் வையுங்கள்: எத்தனை நேரம் ஊறணும், ஒரு டம்ளருக்கு எத்தனை டம்ளர் தண்ணீர். நான் இந்தத் தையிலிருந்து வைக்கப்போகிறேன்.