நியாயமான வழக்கிலும் பொய்ச்சாட்சி குற்றமே

“வழக்கு நியாயமானது, அது வெல்வதற்காக ஒரு பொய் சொன்னால் என்ன?” என்று கேட்போர் உளர். பத்துக் கற்பனைகளையும் மனப்பாடமாய் ஒப்பிக்கும் நம் இல்லங்களிலும் இக்கேள்வி எழுவதுண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டிலேயே இதற்கு விடை பகர்ந்தது.

ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் கடன் உண்மையாகவே வரவேண்டியிருக்கிறது. கடன்பட்டவர் அதனை ஒப்புக்கொண்டதைத் தம் காதால் கேட்டதாக, கேளாத மூன்றாமவர் நீதிமன்றத்தில் பிரமாணம் செய்கிறார். கடன் மெய், சாட்சியமோ பொய். ஆகவே அவர் குற்றவாளியே. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 227ஆம் பிரிவிலும் இவ்வுதாரணம் அப்படியே உள்ளது, தொகையைக்கூட மாற்றவில்லை! தண்டனை ஏழாண்டு வரை சிறை. பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தெரியாததைத் தெரியும் என்று சொல்வதும் பொய்ச்சாட்சியே. வக்கீல் குமாஸ்தா நீட்டும் பிரமாணப் பத்திரத்தைப் படியாமலே கையொப்பமிடுவோர் இதனைக் கவனிப்பார்களாக.

குடும்ப வழக்குகளும் இதற்கு விலக்கல்ல. ஜீவனாம்ச வழக்கில் கணவன் மனைவி இருவரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிடவேண்டுமென்று 2020இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டும் கணவருக்கும், வேலை பார்ப்பதையே மறைக்கும் மனைவிக்கும் இது பொருந்தும்.

எதிராளி பொய்யுரைத்தால் நாமே நேராகக் குற்ற வழக்குத் தொடுக்க இயலாது. அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யவேண்டும். நீதியின் நலனுக்கு அவசியமெனக் கண்டால், அம்மன்றமே மாஜிஸ்திரேட்டுக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பும். எல்லாப் பொய்க்கும் அனுப்பிவிடுவதில்லை; இத்தயக்கமே பொய்யருக்குத் துணிவூட்டுகிறது என்பது எம் கருத்து. உயர் நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட மன்றம் மனுவைத் தள்ளிவிட்டால், மேல்முறையீடு செய்ய வழியுண்டு.