சித்திரத் திரையில் நம் வீட்டுப் பிள்ளை



பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் முதலில் நாடுவது சித்திரப் படங்களையே என்பதை நம் இல்லங்கள் யாவும் அறியும். கொழிஞ்சாம்பாறைத் தென்னந்தோப்பு வீட்டிலும், மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலும் ஒரே சோட்டா பீம்தான் ஓடியாடிக் கொண்டிருக்கிறான். 2008-ஆம் ஆண்டில் ஐதராபாத்து நிறுவனம் ஒன்றின் கைவண்ணத்தால் தொலைக்காட்சிக்கு வந்த சிறுவன் அவன். வேட்டி கட்டுகிறான், லட்டு தின்றால் வலிமை பெறுகிறான். அவனை நம் பிள்ளைகள் விரும்புவதில் குற்றமில்லை. ஆயினும், நம் மலையோரத்துத் தமிழ்க் குழந்தை ஒன்றை அவ்வாறு திரையில் நடமாடவிட வேண்டுமாயின் அதனை எங்ஙனம் உருவாக்குவது? சித்திரக் குறும்படம் ஒன்று செய்ய விழையும் நம் இளைஞர் சிலர் இதனைக் கேட்டனர். ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அதனையே ஆராய்வோம்.

இதற்கு முன்மாதிரி தேடி அமெரிக்கா செல்ல வேண்டுவதில்லை. தெற்காசியாவில் 1991 முதல் 2000 வரையிலான பத்தாண்டுகள் பெண்குழந்தைகளுக்குரிய பத்தாண்டுகளாக அறிவிக்கப்பட்டன. அவ்வேளையில் யுனிசெப் நிறுவனம், பெண்பிள்ளையின் நிலையை வீட்டாருக்கு எடுத்துரைக்கச் சித்திரப் படங்களை நாடியது. அப்பணியில் உருவானவளே 9 வயதுச் சிறுமி மீனா. அவளுக்கு உருவம் தந்தவர் ராம் மோகன். வேதியியல் பயின்ற இவர், 1956-ல் பம்பாயில் அந்நாளைய பிலிம்ஸ் டிவிஷனின் சித்திரப் படப் பிரிவில் சேர்ந்து, டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பாரிடம் தொழில் கற்றவர். 2014-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2019-ல் மறைந்தார்.

மீனாவைப் படைத்தோர் தம் அறைக்குள் அமர்ந்து வரைந்து முடித்துவிடவில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், நேபாளம் ஆகிய நாடுகளின் ஊர்களுக்குப் படங்களை எடுத்துச் சென்று, ஆயிரக்கணக்கான குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் காட்டிக் கருத்துக் கேட்டனர். இந்துக் குடும்பத்திலும் முஸ்லிம் குடும்பத்திலும் ஒருங்கே வழங்கத்தக்கதாய் மீனா என்னும் பெயர் அமைந்தது. உடைதான் பெருஞ்சிக்கலாயிற்று. ஒரு நாட்டில் சல்வார், ஒரு நாட்டில் பாவாடை. முடிவில், இன்ன ஊர்ப் பெண் என்று எவரும் ஒதுக்கிவிட இயலாதபடி உடையை அமைத்தனர். தம்பி ராஜுவும், மிட்டு என்னும் கிளியும் உடன் சேர்ந்தனர்.

முதற் கதையை எண்ணிப் பாருங்கள். தம்பி பள்ளிக்குச் செல்கிறான். மீனா வீட்டில் நிற்கிறாள். அவள் தன் கிளியைப் பள்ளிச் சன்னலுக்கு அனுப்பி, அது கேட்டு வந்து சொல்லும் எண்களைக் கற்கிறாள். பின்னர் வீட்டுக் கோழிகளை எண்ணும்போது ஒன்று குறைவதைக் கண்டு திருடனைக் காட்டிக்கொடுக்கிறாள். தந்தையும் மனம் மாறிப் பள்ளிக்கு அனுப்புகிறார். இங்கே அச்சிறுமியை நம் நினைவில் நிறுத்துவது அவள் பாவாடையா? அன்று. கற்க வேண்டும் என்னும் அவளது ஆவலே. ஆதலின் முதற்பாடம் இது: முகத்தை வரைவதற்கு முன் அப்பிள்ளை எதனை விரும்புகிறது, எது அதனைத் தடுக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

இனி வரையும் முறை. வளர்ந்தவர் ஒருவரின் உயரம் அவர் தலையைப்போல் ஏறக்குறைய ஏழரை மடங்கு. சிறுவருக்கோ தலை பெரிது, உடல் சிறிது. சித்திரக்காரர் மூன்று நான்கு தலை உயரமே வைப்பர். கண்களைச் சற்றுத் தாழ்த்தி, நெற்றியை அகலமாக்கினால் குழந்தைமை தானே வந்துவிடும். உருவம் முழுவதையும் கருமையிட்டு நிழலாக்கிப் பார்த்தாலும் இன்ன பிள்ளை என அடையாளம் தெரிய வேண்டும். முன்புறம், பக்கம், பின்புறம் ஆகிய மூன்று நிலைகளையும், சிரிப்பு, சினம், அச்சம் ஆகிய முகங்களையும் ஒரே தாளில் வரைந்து எல்லோரும் அதனைப் பார்த்தே வரைதல் முறை.

ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு சித்திரத்தை இரண்டு படங்களுக்கு நிறுத்தினால் வினாடிக்கு 12 சித்திரங்கள். ஐந்து நிமிடப் படத்துக்கு 3,600. கையால் வரையும்போது பாவாடைக் கரையில் பத்துப் பூக்கள் வைத்தால் 36,000 பூக்கள்! கணினி இவ்வுழைப்பைக் குறைப்பது உண்மை. ஆயினும், கோடு குறையக் குறைய உருவம் தெளியும் என்னும் விதி மாறவில்லை. பின்னல் ஒன்று, பை ஒன்று, அவ்வளவே போதும்.

நம் பிள்ளைக்கு எதைத் தருவது? மூணாற்றுக் குளிருக்குச் சுவெட்டர் தரலாம். சித்தூர் வயல்வெளியாயின் பின்னணியில் பனைமரம் நிறுத்தலாம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பையும் காட்டலாம். இவை வெளித் தோற்றங்கள். உள்ளே இருப்பது யாது? வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி, மருத்துவமனையில் தாய்க்கு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லி, அலுவலகத்தில் தந்தைக்காகப் படிவம் நிரப்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்! இரு மொழியையும் தோளில் சுமக்கும் அப்பிள்ளையே நம் கதைத் தலைவி ஆகத்தக்கவள்.

அவளை இரண்டு தீங்குகளினின்று காத்தல் வேண்டும். ஒன்று, பேச்சைக் கோணலாக்கிப் பிறர் நகைக்க விடுவது. மற்றொன்று, கிழிந்த சட்டையும் கண்ணீருமாய் நிறுத்திப் பிறர் இரங்க விடுவது. நகைப்புக்கும் இரக்கத்துக்கும் மட்டுமே தன் இனத்துப் பிள்ளை திரைக்கு வருவதைக் காணும் குழந்தை, வகுப்பில் தன் தாய்மொழியைத் தாழ்ந்த குரலில் பேசக் கற்றுக்கொள்ளும். அந்த இழப்பை எந்த வாரியமும் ஈடு செய்யாது. மீனா ஏழைதான், ஆயினும் எவரிடமும் இரக்கம் வேண்டி நின்றாளில்லை, எண்ணிக் காட்டினாள்.

எல்லா நாட்டாருக்கும் பொதுவாக வேண்டியிருந்தமையால் மீனாவுக்கு ஊர் அடையாளம் நீக்கப்பட்டது. நம் பிள்ளைக்கு ஊர் வேண்டும், பெயர் வேண்டும், நம் பேச்சும் வேண்டும். ஆனால், கேட்டு வரைந்த அம்முறை நமக்கும் உரியதே. இளைஞர்கள் தங்கள் முதற் சித்திரங்களை லயத்துத் திண்ணையிலும் பள்ளி முற்றத்திலும் வைத்துக் காட்டட்டும். பெற்றோரே, ஞாயிறு மாலை ஒரு தாளும் பென்சிலும் தந்து, "உன்னைப் போல் ஒரு பிள்ளையை வரை" என்று உங்கள் குழந்தையிடம் கூறுங்கள். அது தன்னை எப்படிக் காண்கிறது என்பது அத்தாளில் தெரிந்துவிடும். அத்தாள்களைச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். படம் அவற்றிலிருந்து தொடங்கட்டும்.